முதலில் பயத்தைச் சொல்லுங்கோ

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்:

மிஸ்.

அம்மா.

நான்.

முன்வீட்டுச் சாந்தி.

சாந்தியின் புருசன்.

பொலிஸிலிருந்து வந்த சார்ஜன்ட் ஒருவர்.

தம்பி இல்லை. கதை அவனைப் பற்றியது, நான் அவனுடைய அக்கா. அவன் வீட்டில் சங்கிலியில் இருந்தான்.

டவுனில் ஒரு மாடிக் கட்டடம். கீழே சைக்கிள் கடை, மேலே மனித உரிமைக் கந்தோர். மிஸ் அங்கே முறைப்பாடுகளைப் பார்க்கிறவர். அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

எல்லாரும் இருந்த பிறகு மிஸ் எழும்பிப் போய்க் கதவைத் திறந்து வெளியே பார்த்தார். மூடினார். திரும்பவும் திறந்து பார்த்தார். பிறகு தன் கதிரையை இழுத்து, கதவு முகத்துக்கு நேரே தெரிகிற மாதிரிப் போட்டு இருந்தார். சார்ஜன்ட் சிரித்தார்.

"முதுகுக்குப் பின்னால கதவு இருந்தா எனக்கு மூளை வேலை செய்யாது," என்றார் மிஸ்.

வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. தலையிடி என்று சொல்வது போலச் சொன்னார்.

நான் கண்ட ஆட்களுக்குள் அவரைப் போலப் பயந்த ஆள் இல்லை. நாய்க்குப் பயம். தெரியாத ஆட்டோவில் ஏற மாட்டார். போன் அடித்தால் முதல் தரம் எடுக்க மாட்டார், நம்பரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எங்கே வெளிக்கிட்டாலும் தாயாருக்குச் சொல்லுவார். தாயார் இருப்பது பளை ஊரில். "வெளிக்கிட்டிட்டன் அம்மா." போய்ச் சேர்ந்ததும், "வந்திட்டன் அம்மா." நாற்பது தாண்டிய மனுசி.

இப்படிப்பட்டவர் ஏன் அந்த வேலைக்கு வந்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார் என்றும் நினைக்கவில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சண்டை முடிந்த நேரம் ஆமிக்காரர் அவனைப் பிடித்தார்கள். பதினேழு வயது. பிறகு விட்டார்கள். விட்ட பிறகு விசாரணை என்று இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கொண்டுபோனார்கள். இரண்டாம் தரம் திரும்பி வந்தவன் பழைய ஆள் இல்லை. பகலில் வாசல் படலைக்குள் நிற்பான். இரவில் குளக்கட்டில் நடப்பான். இரவில் அங்கே சனம் இல்லை, அதனால். ஓடுகிற கால்ச் சத்தம் கேட்டால் அவனுக்குத் தாங்காது.

பள்ளிக்கூடம் எங்கள் ஒழுங்கையின் முடிவில். பிள்ளைகள் எங்கள் படலையைத் தாண்டித்தான் போகவேண்டும். பிள்ளைகள் என்றால் ஓடும். எங்கள் படலையடியில் இன்னும் கெதியாக ஓடும், "விசர் மாமா" என்று கத்தும். அவன் கல்லெடுப்பான். ஆளைப் பார்த்து எறிய மாட்டான். சத்தத்தைப் பார்த்து எறிவான்.

ஒரு கல் சாந்தியின் மகளுக்குப் பட்டது. புருவத்துக்கு மேலே. தையல் போட்டார்கள். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

சாந்தியின் புருசன் பொலிஸுக்குப் போனான். அவன் இடத்தில் நான் இருந்தாலும் போயிருப்பேன். பொலிஸ் தம்பியைக் கொண்டுபோய் வைத்திருந்து, பிறகு விட்டது. வந்தபோது அவனுடைய இடக்கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அறைக்குள் பூட்டி வைக்கவேண்டும், வெளியே கண்டால் திரும்பக் கொண்டுபோவோம் என்றார்கள். பூட்டினோம்.

அம்மா டவுனுக்குப் போய் முறைப்பாடு கொடுத்தார். பிள்ளைக்கு அடித்தது, பிள்ளையைப் பூட்டச் சொன்னது, இரண்டும். அதே கிழமை சாந்தியும் அதே கந்தோருக்குப் போய் முறைப்பாடு கொடுத்தாள். தன் மகள் பயத்தில் பள்ளிக்கூடம் போகிறாள் இல்லை, பொலிஸ் பாதுகாப்புத் தரவில்லை என்று. இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போகவில்லை, அவ்வளவுதான்.

கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வயலில். அம்மா தபால்காரரைக் கேட்டார். அவர் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். "தங்கள் முறைப்பாடு தொடர்பான விசாரணைக்குச் சமுகமளிக்குமாறு..."

மிச்சத்தை அவர் வாசிக்கவில்லை. அறைக்குள் பலகை உடைகிற சத்தம் கேட்டது. தம்பி யன்னலை உடைத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான்.

யானை திரிகிற காடு. ஊரே தேடியது. சாந்தியின் புருசனும் வந்து தேடினான். சண்டைக் காலத்துப் பழைய பங்கர் குழி ஒன்றுக்குள் குந்தியிருந்தவனைக் கண்டு இழுத்து வந்தார்கள். அன்றிலிருந்துதான் சங்கிலி.

அம்மா கந்தோருக்குப் போய் மிஸ்ஸிடம் இதைச் சொன்னார். "நீங்கள் போட்ட கடிதத்தில என்ர பிள்ளை காட்டுக்க போட்டுது."

மிஸ் எங்கள் ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ் என்று கேட்டாராம். அடுத்த கிழமை வீட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்து, இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். படலைக்கு வெளியே நின்றார். உள்ளே வரவில்லை. சங்கிலி இழுபடுகிற சத்தம் அவருக்குக் கேட்டது.

"நாய் கட்டித்தானே இருக்கு?"

அம்மா சொன்னார், "அது நாயில்லை, மிஸ்."

மிஸ் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடையை மடிக்க மறந்துவிட்டார். குடையோடேயே உள்ளே வந்து வாசலில் முட்டுப்பட்டார்.

தம்பியின் அறை வாசலில் நான் கதிரை போட்டுக் கொடுத்தேன். தம்பி மூலையில் இருந்தான். அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்கள் எந்தக் காம்ப்?"

"காம்ப் இல்லை. கந்தோர்."

"கந்தோர் எண்டுதான் சொல்லுவினம்."

"ஓம். சொல்லுவினம்," என்றார் மிஸ். "என்னெண்டு நம்புறது. எனக்கும் உங்களைப் பாக்கப் பயமாத்தான் இருக்கு."

தம்பி அவருடைய காலைப் பார்த்தான்.

"அப்ப ஏன் உள்ளுக்க காலை நீட்டிக்கொண்டு இருக்கிறியள்? கதிரையைப் பின்னுக்கு இழுங்கோ. ஓட ஏலாமப் போகும்."

மிஸ் கதிரையைப் பின்னுக்கு இழுத்தார். தம்பி சிரித்தான். நான் அவன் சிரித்துக் கண்டு கனகாலம். அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம் வரவில்லை.

பிறகு குசினிக்குள் தேத்தண்ணி குடித்தபடி மிஸ் கேட்டார். "விசாரணை எண்டு போடாட்டி வேற என்னெண்டு போடுறது?"

"கதைக்க வாங்கோ எண்டு போடுங்கோவன்," என்றேன்.

"வான் வண்டியில வந்தவங்களும் கதைக்கவேணும் எண்டுதான் கூட்டிக்கொண்டு போனவங்கள்," என்றார் அம்மா.

"சந்திப்பு?"

"அது காம்பில சொல்லுறது."

"வாக்குமூலம்?"

அம்மா கையை விசிறினார்.

"அப்ப, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டு போடட்டோ?"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதுதான் மிஸ் எல்லாத்திலயும் பொல்லாதது. ஒருக்கா வந்திட்டுப் போங்கோ எண்டு கூப்பிட்ட ஆக்கள்தான் இன்னும் வரேல்லை."

மிஸ் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

அடுத்த கடிதத்தை நானே வாசித்தேன். அதில் அந்தச் சொல் இல்லை. வேறு சொல்லும் இல்லை. நாள், நேரம், கந்தோர் இருக்கிற இடம். அதற்குக் கீழே ஒரு வரி: "பின்னேரம் மூன்று நாற்பது பஸ்ஸில் நீங்கள் வீட்டுக்குத் திரும்புவீர்கள்." சத்தமாக வாசித்தேன். தம்பி அந்த ஒரு வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னான். வாசித்தேன். சங்கிலி இழுபடவில்லை.

எல்லாருக்கும் அதே கடிதம்தான் போயிருக்கிறது. அறையில் சார்ஜன்ட் அதை எடுத்துக் காட்டினார்.

"மிஸ், எனக்கு பஸ் இல்ல. ஜீப்."

"அப்ப ஜீப்பில திரும்புவீங்கள்," என்றார் மிஸ்.

அந்த நாளைத்தான் முதலில் எழுதத் தொடங்கினேன். அதற்கு வருகிறேன்.

சாந்தி தன் பிள்ளையின் உரிமை என்று தொடங்கினாள். அம்மா என்ர பிள்ளைக்கு உரிமை இல்லையோ என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மிஸ் கையை உயர்த்தினார்.

"உரிமையைப் பேந்து சொல்லுங்கோ. முதல்ல பயத்தைச் சொல்லுங்கோ. ஆருக்கு என்ன பயம்?"

மிஸ் சார்ஜன்ட்டைப் பார்த்தார்.

"பொலிஸ்க்கு என்ன பயம் மிஸ். பயம் இல்ல."

"அப்ப சார்ஜன்ட்டுக்குப் பயமில்லை எண்டு எழுதட்டா? மேலிடத்துக்கும் இதுதான் போகும்."

சார்ஜன்ட் தொப்பியை மடியில் சுற்றினார். "எழுத வேணாம். அவன் திரும்பக் கல்லு எறிஞ்சா, பெரியவர் என்னைக் கேப்பார். தூர இடம் மாத்துவார். வீட்டில சின்னப் பிள்ளை இருக்கு."

மிஸ் எழுதினார். சாந்தியின் புருசன் தனக்குப் பயமில்லை, கோவம் என்றான்.

"கோவம் எண்டு எழுதுறன். பயம் வந்தாச் சொல்லுங்கோ."

அவன் சாந்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னான். "இன்னொருக்கா என்ர பிள்ளைக்குப் பட்டா நான் அவனைக் கொன்றுபோடுவன். எனக்கு அதுதான் பயம்." சாந்தி அவனுடைய முழங்கையைப் பிடித்தாள்.

அம்மா, தான் செத்தால் சங்கிலிப் பூட்டின் திறப்பு யாருடைய கைக்குப் போகும் என்று பயம் என்றார். திறப்பு அம்மாவின் தாலிக்கொடியில் தொங்கியது.

என் முறை வந்தது. மிஸ் பேனையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படி இருந்தால் பேச வேண்டிவரும்.

"அவன் இன்னும் எறிவான் எண்டு எனக்கும் பயம்," என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். வீட்டுக்குப் போகும்வரை என்னோடு கதைக்கவில்லை.

பிறகு மிஸ் சாந்தியைக் கேட்டார். "உங்கட பயம் எத்தனை மணிக்கு வாறது?"

சாந்திக்கு விளங்கவில்லை. எங்களுக்கும் விளங்கவில்லை.

"எல்லா நேரமும்தான் மிஸ்."

"எல்லா நேரமும் பயப்பிட்டா ஆர் சமைக்கிறது? நான் பெரிய பயந்தாங்கொள்ளி, எனக்குத் தெரியும். அது வாற நேரம் ஒண்டு இருக்கு. யோசிச்சுச் சொல்லுங்கோ."

சாந்தி யோசித்தாள். "விடிய ஏழு மணிக்கு. பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிடேக்க."

"எப்ப போகும்?"

"எட்டுக்கு. பள்ளிக்கூட மணி அடிச்சா."

"பேந்து?"

"ஒண்டரைக்கு. வந்து சேரும் மட்டும். ரெண்டரை மட்டும்."

"மற்ற நேரம்?"

"மற்ற நேரம் பிள்ளை என்ர கண்ணுக்கு முன்னால தானே."

மிஸ் எழுதினார். ஏழிலிருந்து எட்டு. ஒன்றரையிலிருந்து இரண்டரை. அந்த நேரம் தம்பி அறைக்குள் இருப்பான். சங்கிலி இல்லை. மற்ற நேரம் அவன் விரும்பிய இடத்துக்குப் போகலாம், குளக்கட்டுக்கும் போகலாம்.

பூட்டில் சண்டை வந்தது. சாந்தியின் புருசன் வெளியே பூட்டவேண்டும் என்றான். மிஸ் இல்லை என்றார். கொண்டி உள்பக்கம். தம்பியே போடவேண்டும், தம்பியே எடுக்கவேண்டும்.

"அவன் போட்டதெண்டு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போட்ட உடன ஒரு துவாயை யன்னலால வெளியில தொங்கவிடட்டும். துவாய் தொங்கினாப் பிள்ளையை அனுப்புங்கோ. தொங்காட்டி அனுப்பாதேங்கோ, எனக்குப் போன் எடுங்கோ. எத்தினை தரமெண்டாலும் எடுங்கோ. கத்திக்கொண்டு ஓடக்கூடாதெண்டு பள்ளிக்கூடத்தில நான் போய்ச் சொல்லுறன்."

அடுத்தது அடித்த கதை. அடிக்கவில்லை என்றார் சார்ஜன்ட். கை எழும்பவில்லை என்று ஆஸ்பத்திரித் துண்டு இருந்தது. மிஸ் அவருடைய முகத்துக்கு நேரே, "அடிச்சிருக்கு எண்டுதான் நான் எழுதப்போறன்," என்றார். சொல்லும்போது அவருடைய பேனை பிடித்த கை நடுங்கியது. மற்றக் கையால் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எழுதி முடித்தார். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம். சார்ஜன்ட்டும் பார்த்தார். அவர் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"இது மேல போகும். பதில் வர வருசமாகும்," என்றார் மிஸ் அம்மாவிடம். "வராமலும் போகும். வருமெண்டு நான் சொல்ல மாட்டன்."

பதில் இன்றுவரை வரவில்லை.

மூன்று நாற்பது பஸ்ஸுக்கு மிஸ் எங்களோடு பஸ் ஸ்டாண்ட் வரை நடந்து வந்தார். என்னைத் தனக்கு வீதிப்பக்கமாக நிற்கச் சொன்னார். ஹெல்மெட் போட்ட ஒருவன் மோட்டார்சைக்கிளை மெதுவாக்கினான்.

"மிஸ், இண்டைக்கு லேட்டோ?"

"ஓம். கொஞ்சம்."

அவன் போய்விட்டான். மிஸ் என் கையைப் பிடித்திருந்தார்.

"ஆர் மிஸ் அது?"

"தெரியாது. ஹெல்மெட்டைக் கழட்டினதில்லை. ஒவ்வொரு கிழமையும் கேப்பார்."

"முறைப்பாடு குடுக்கலாம்தானே?"

"ஆரிட்ட?" என்றார். பிறகு பஸ் வந்துவிட்டது. யன்னலால் பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றார். தாயாருக்கு.

அம்மா சங்கிலியைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டார். தண்ணி அள்ளும் கிணறு என்று நான் ஏசினேன். தச்சனைக் கூப்பிட்டுக் கதவுக்கு உள்பக்கம் கொண்டி அடித்தோம். தம்பி அன்று பகல் முழுக்க அதைப் போட்டும் எடுத்தும் பார்த்தான்.

முதல் கிழமைகளில் மிஸ் ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குப் போன் எடுப்பார். "துவாய் தொங்குதோ?" நான் "ஓம்" என்பேன். "சரி." வைத்துவிடுவார்.

ஒரு காலை தொங்கவில்லை. தம்பி கிணற்றடியில் நின்றான். ஒழுங்கையில் பிள்ளைகளின் சத்தம் கேட்கத் தொடங்கியது. சாந்தி தன் படலையில் மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருசன் பின்னால் வந்து நின்றான். கையில் மண்வெட்டி. நான் தம்பியிடம் போகவில்லை. போனால் இழுபறியாகும், அவன் கல்லெடுப்பான் என்று தெரியும். காதில் போன். மறுபக்கம் மிஸ். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன செய்யுறார்?"

"நிக்கிறான்."

"உங்கட கை நடுங்குதோ?"

"ஓம்."

"எனக்கும் நடுங்குது. ஒண்டும் செய்யாதேங்கோ. அவருக்குப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நேரம் மட்டும் சொல்லுங்கோ."

நான் தம்பியின் பெயரைச் சொல்லி, "ஏழேகால்," என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். ஒழுங்கையைப் பார்த்தான். ஓடினான். அறைக்குள் கொண்டி விழுந்த சத்தம் கேட்டது. துவாய் வெளியே வந்தது. சாந்தியின் புருசன் மண்வெட்டியை வேலியோடு சாத்தினான். பிள்ளை போனது. புருவத்துக்கு மேலே தழும்பு தெரிந்தது. எங்கள் படலையடியில் அது ஓடவில்லை, நடந்தது.

போனில் மிஸ் அழுகிறாரா என்று எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தம்பி ஒரு கல்லும் எறியவில்லை.

ஒருநாள் மிஸ்ஸின் போன் வேலை செய்யவில்லை. கந்தோருக்கு எடுத்தேன். அவா இப்ப இங்க இல்லை என்றார்கள். மாற்றம் என்றார் ஒருவர். தானாக விட்டிட்டுப் போயிட்டா என்றார் இன்னொருவர். எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. பளைக்குப் போய்த் தாயாரிடம் கேட்போமா என்று அம்மா கேட்டார். தெரியாத ஆட்கள் படலையில் வந்து நின்று மகளைப் பற்றிக் கேட்டால் அந்தத் தாய்க்கு என்ன செய்யும் என்று எங்களுக்குத் தெரியும். போகவில்லை.

கந்தோருக்குப் புதிதாக வந்தவர் நல்ல மனிதர். பயமில்லாதவர். கதவுக்கு முதுகு காட்டிக்கொண்டு இருப்பார். எங்கள் ஊருக்கு அவர் வந்ததில்லை, போனில் கதைப்பார். ஒழுங்கையில் ரியூசன் வகுப்புத் தொடங்கியது. பின்னேரம் மூன்றிலிருந்து ஐந்தரை. பிள்ளைகள் போய்வரும். அந்த நேரமும் கொண்டியைப் போடச் சொல்லி ஊரார் கேட்டார்கள்.

"கொஞ்சம் ஒத்துழைப்புக் குடுங்கோ அம்மா," என்றார் புதியவர் போனில்.

கொடுத்தோம். பிறகு கோயில் பூசை. பொழுதுபட ஆறிலிருந்து எட்டு. பொம்பிளைப் பிள்ளைகள் போகிற பாதை. அதுவும் நியாயம். கொடுத்தோம். போன வருசம் குளக்கட்டில் ஒருவருடைய தண்ணி மோட்டார் களவு போனது. தம்பி எடுத்தான் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் இரவில் ஒருவன் குளக்கட்டில் நடக்கிறது சரியில்லை என்றார்கள். எட்டிலிருந்து விடிய ஐந்து. அதையும் கொடுத்தோம்.

ஒவ்வொரு தரமும் எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். என்ன பயம் என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. தம்பியையும் கேட்கவில்லை.

அம்மா போன மாசம் செத்துப்போனார். சாந்தியும் புருசனும்தான் முன்னுக்கு நின்று எல்லாம் செய்தார்கள். எட்டாம் நாள், எட்டுச் செலவு முடிந்த அன்று சாந்தியின் புருசன் எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"அக்கா, நீங்கள் வயலுக்குப் போனா வீட்டில ஆளில்லை. கொண்டியை வெளிப்பக்கம் மாத்துவமோ?"

நான் பதில் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. அவன் போன பிறகு குசினிக்குள் போயிருந்து, நேரங்களைக் கூட்டி, இருபத்துநாலில் கழித்துப் பார்த்தேன்.

தம்பிக்கு ஒரு நாளைக்கு மிச்சம் எட்டரை மணித்தியாலம்.